பெயர் வேண்டாம், ஊரை மட்டும் போடுங்க!

சினிமா, கிரிக்கெட், ஜோசியம் என்று எதைப் பற்றிக் கேட்டாலும் இனிஷியலோடு பெயர், தெரு, பின்கோடு வரை எழுதி அனுப்புவார்கள் நம் வாசகர்கள். இந்த வாரம் போலீஸைப் பற்றிக் கேளுங்கள் என்றோம். ‘பெயர் வேண்டாம் சார்’ என்று ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். ஆகவே அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, ஓசூர் வட்டாரத்துக் கேள்விகள், ஊர்ப்பெயர் மட்டும் போட்டு.

‘ஒழுங்கா இல்லைன்னா அஞ்செட்டிக்குத் தூக்கிப் போட்டுடுவேன்’னு அதிகாரிகளை மிரட்டுறாங்களாமே, எங்க ஊர் என்ன ஜெயிலா?
– அஞ்செட்டி

ஜெயிலுக்காவது எத்தனை வருஷம் என்று எழுதித் தருவார்கள்.

‘தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்’ என்பது நம் அரசாங்கத்தின் எழுதப்படாத விதி. உங்கள் விஷயத்தில் அது பொய்யும்கூட. கர்நாடகத்திலிருந்து வரும் காவிரியை மத்திய நீர் ஆணையம் அளக்கிற பிலிகுண்டுலு உங்கள் பக்கம்தான் இருக்கிறது. ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. அங்கே வந்துசேர வேண்டும் என்று 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் புள்ளிக்குப் பிறகும் இரண்டு இலக்கம் போட்டுச் சொன்னது. அந்தப் பக்கத்திலிருந்து இறங்கும் தண்ணீருக்கு இத்தனை கணக்கு. இந்தப் பக்கத்திலிருந்து மலையேறி வரும் அதிகாரி ஏன் வருகிறார், போன இடத்தில் என்ன செய்தார், இங்கே என்ன செய்யப் போகிறார் என்பதற்கு ஒரு கணக்கும் கிடையாது.

சமவெளியில் தப்பு செய்தவர் மலைக்காற்று பட்டால் திருந்திவிடுவார் என்று எந்த டாக்டரும் சொன்னதில்லை. அவர் தப்பு செய்தாரா என்று விசாரிக்க வேண்டும். செய்திருந்தால் தண்டிக்க வேண்டும். செய்யவில்லையென்றால் அந்த இடத்திலேயே விட வேண்டும். விசாரணையும் இல்லாமல் விடுதலையும் இல்லாமல் ஆளை மட்டும் நகர்த்தினால், தண்டனை அவருக்கு அல்ல. அவரிடம் புகார் கொடுக்கப் போகும் உங்களுக்கு. சாலை மறியல் நடந்தால் ஆயுதப்படைக்கு, மறியல் மறந்ததும் வேறொரு ஸ்டேஷனுக்கு. இதற்குப் பெயர் நடவடிக்கை என்று பேப்பரில் வருகிறது.

இன்னொன்று. நேர்மையான அதிகாரிக்கும் இதே மிரட்டல்தான். யாரோ ஒரு பெரிய மனிதரின் மணல் லாரியைப் பிடித்தவரும் இதே பஸ்ஸில்தான் வந்து இறங்குகிறார். அதனால்தான் பிரகாஷ் சிங் வழக்கில் 2006 செப்டம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம், நிலைய அதிகாரிக்கும் எஸ்.பி.க்கும் குறைந்தது 2 ஆண்டு ஒரே இடத்தில் பதவிக்காலம் வேண்டும் என்றது. உங்கள் ஊரில் இன்ஸ்பெக்டர் 2 ஆண்டு இருந்தால் உரிகம் எந்தப் பக்கம், நாட்றம்பாளையம் எந்தப் பக்கம் என்றாவது தெரியும்.

போலீஸ் உங்கள் நண்பன் என்கிறார்களே?
– கெலமங்கலம்

நண்பன்தான் நேரம் காலம் பார்க்காமல் வீட்டுக்கு வருவான். அதுதானே பயமே!

ஆனால் அந்தச் சொல்லுக்கு ஒரு நல்ல தொடக்கம் இருந்தது. 1993-இல் ராமநாதபுரம் எஸ்.பி.யாக இருந்த பிரதீப் வி.பிலிப், ஊர்க்காரர்களையே காவல் பணியில் சேர்த்துக்கொள்ளும் ‘ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்’ திட்டத்தை அங்கேதான் ஆரம்பித்தார். 27 வருஷம் கழித்து, தந்தையும் மகனும் போலீஸ் காவலில் இறந்த சாத்தான்குளம் சம்பவத்தில் அந்த அமைப்பின் தொண்டர்கள் பெயரும் அடிபட்டது. 2020 ஜூலையில் அரசு அதைத் தடை செய்தது. போலீஸுக்கு ஊரைப் புரியவைக்கத்தான் ஊர்ப்பையன்களைச் சேர்த்தார்கள். கடைசியில் ஸ்டேஷனின் பழக்கம் பையன்களுக்குத் தொற்றியது என்பதுதான் குற்றச்சாட்டு. யாரைச் சேர்க்கிறோம், அவர் எப்படிப்பட்டவர் என்று பார்ப்பதுதான் இதில் முக்கியம்.

பக்கத்து ஊர்ப் பையன் 2025 ஜூலையில் கடத்திக் கொல்லப்பட்டான். சனங்க ரோட்ல உட்கார்ந்தோம். உட்கார்ந்தது தப்பா?
– அஞ்செட்டி

உட்கார வைத்ததுதான் தப்பு.

புகாரை உடனே கையில் எடுத்திருந்தால் பையன் உயிரோடு கிடைத்திருப்பான் என்பது அன்றைக்கு உறவினர்கள் வைத்த குற்றச்சாட்டு. அது எவ்வளவு சரி என்பதை நான் இங்கே உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் சட்டம் என்ன சொல்கிறது என்று சொல்ல முடியும். 2013 மே 10 அன்று ‘பச்பன் பச்சாவோ ஆந்தோலன்’ வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: குழந்தை காணவில்லை என்று புகார் வந்தால், கடத்தல் என்றே எடுத்துக்கொண்டு எஃப்.ஐ.ஆர். போட வேண்டும். ‘சொந்தக்காரங்க வீட்ல தேடிப் பாருங்க’, ‘காலைல வந்துடுவான், போங்க’ என்பதெல்லாம் ஆறுதல் வார்த்தை அல்ல, சட்ட மீறல்.

ஓசூரில் காணாமல் போன பிள்ளைக்குச் சுங்கச்சாவடி கேமரா இருக்கிறது, கடைவாசல் கேமரா இருக்கிறது. உங்கள் காட்டுச் சாலையில் யானையும் இருட்டும்தான். அங்கே முதல் ஒன்றிரண்டு மணி நேரம் போனால் போனதுதான். கேமரா இல்லாத ஊரில்தான் ரைட்டர் பேனா வேகமாக ஓட வேண்டும்.

லாக்கப் பாத்ரூமில் கைதிகள் மட்டும் வழுக்கி விழுந்து கை உடைவது எப்படி?
– தேன்கனிக்கோட்டை

டைல்ஸுக்கு ஆள் தெரியும்!

நிலத் தகராறில் அடிபட்டுப் புகார் கொடுத்தேன். ‘சி.எஸ்.ஆர்.’ என்று ஒரு ரசீது தந்தார்கள். கேஸ் ஆகிவிட்டது என்று நினைத்தேன். ஆகவில்லையாமே?
– நாட்றம்பாளையம்

ஆகவில்லை. தமிழ்நாட்டில் லட்சக்கணக்கான பேர் இந்தச் சின்னச் சீட்டை மடித்து பீரோவில் வைத்துக்கொண்டு கேஸ் நடக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

சி.எஸ்.ஆர். என்றால் உங்கள் மனு வந்து சேர்ந்தது, சமுதாயப் பணிப் பதிவேட்டில் எண் போட்டிருக்கிறோம் என்று அர்த்தம். அவ்வளவுதான். அதற்கப்புறம் எதிர்த்தரப்பைக் கூப்பிடுவார்கள், இரண்டு பேரையும் மரத்தடி பெஞ்சில் உட்கார வைப்பார்கள், ‘ஒரே ஊர்க்காரங்க, பேசி முடிச்சுக்கோங்கய்யா’ என்பார்கள். சின்ன வாய்த்தகராறுக்கு அது நல்ல வழிதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் தலையில் தையல் போட்டவனையும் பெஞ்சில் உட்கார வைத்தால் அது சமாதானம் அல்ல, கட்டப் பஞ்சாயத்து. யூனிஃபார்ம் போட்டு நடத்துவது ஒன்றுதான் வித்தியாசம்.

கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013 நவம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்., பிரிவு 173-இல் அதற்கு ஒரு சின்னச் சந்து விட்டிருக்கிறது. 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றமென்றால், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்திப் பார்க்கலாம். 14 நாள்தான், அடுத்த தீபாவளி வரை அல்ல. எஃப்.ஐ.ஆர். போட்டால் நகல் இலவசமாகத் தர வேண்டும். போடவே மாட்டேன் என்றால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம். அங்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

உங்கள் சீட்டைப் பீரோவிலிருந்து எடுத்து, ‘இது எஃப்.ஐ.ஆர். ஆனதா, இல்லையென்றால் ஏன்?’ என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டால் வாயாலேயே பதில் வரும்.

எனக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. வீட்டில் கன்னடம். புகார் எழுதிக் கொடுக்க ஆள் தேட வேண்டியிருக்கிறது.
– உரிகம்

தேட வேண்டியதில்லை. வாய்மொழியாகச் சொன்னால் போலீஸ்தான் எழுதிக்கொள்ள வேண்டும், எழுதியதைப் படித்துக் காட்ட வேண்டும், அப்புறம்தான் உங்கள் கையெழுத்தோ ரேகையோ. இதுவும் பிரிவு 173 சொல்வதுதான்.

நடப்பது வேறு. ஸ்டேஷனுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை. அங்கே ஒருவர் ‘உயர்திரு காவல் ஆய்வாளர் அவர்கள் சமூகத்திற்கு, நான் மேற்படி முகவரியில் குடியிருந்து வருகிறேன்’ என்று ஆரம்பித்து, நீங்கள் சொன்னதைத் தன் பாணியில் எழுதுவார். ‘அசிங்கமாகத் திட்டி, கொலை மிரட்டல் விடுத்து’ என்ற வரி யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் அதில் சேர்ந்துவிடும். நடந்தது ஒன்று, எழுதியது ஒன்று. ஆறு மாதம் கழித்து கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் அந்த வரியைப் பிடித்துக்கொண்டு உங்களைப் பொய்யராக்குவார். தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதும் கலந்து பேசுகிற உங்கள் தாலுகாவில், கன்னடம் தெரிந்த ஒரு ஏட்டையாவை முன் மேசையில் உட்கார வைப்பது பெரிய சீர்திருத்தம். இதற்குக் கமிஷன் எதுவும் வேண்டியதில்லை.

போலீஸ் சீர்திருத்தம், போலீஸ் சீர்திருத்தம் என்கிறார்களே, எப்போதிலிருந்து பேசுகிறார்கள்?
– தளி

கும்பெனி காலத்திலிருந்து.

சென்னை மாகாணத்தில் வரி வசூலிக்கவும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் ஜனங்களைச் சித்திரவதை செய்கிறார்கள் என்ற புகார் லண்டன் வரை போயிற்று. விசாரிக்க ஒரு கமிஷன் போட்டார்கள். 1855-இல் அறிக்கை வந்தது. விரலை நெரிக்கும் கிட்டி, கழுத்தையும் காலையும் கயிற்றால் இழுத்துக் கட்டிக் குனிய வைக்கும் அண்ணந்தாள் என்று ஒவ்வொரு கொடுமையையும் பெயரோடு அதில் எழுதியிருக்கிறார்கள். வெள்ளைக்காரன் தன் ஆட்சியைப் பற்றித் தானே எழுதிக்கொண்ட அறிக்கை அது. பழியைப் பெரும்பாலும் உள்ளூர்ச் சிப்பந்திகள் தலையில் போட்டுவிட்டான் என்பது வேறு விஷயம். அதற்குப் பிறகுதான் 1859-இல் சென்னை மாகாணத்துக்குத் தனிப் போலீஸ் சட்டம் வந்தது. மாவட்டப் போலீஸ் சட்டம் என்ற பெயரில் தமிழ்நாட்டில் இன்னும் அதுதான் அடிப்படை.

அந்தப் போலீஸை எந்த மாதிரியில் அமைத்தார்கள் என்பது சுவாரஸ்யம். லண்டன் தெருவில் தடியோடு நடக்கிற கான்ஸ்டபிள் மாதிரி அல்ல. அடங்காத அயர்லாந்தை அடக்கி வைக்க உண்டாக்கிய ஆயுதக் காவல்படையின் மாதிரி. ஆக, பிறக்கும்போதே ஊரைக் காப்பதைவிட ஊரை அடக்குவது முதல் வேலையாக இருந்தது.

அயர்லாந்திலேயே கதை மாறிவிட்டது. வட அயர்லாந்தில் கத்தோலிக்கர்கள் அறவே நம்பாத போலீஸை என்ன செய்வது என்று கிறிஸ் பேட்டன் தலைமையில் ஒரு குழு 1999-இல் அறிக்கை கொடுத்தது. 2001 நவம்பரில் பழைய படையின் பெயர், சின்னம் எல்லாம் போயின. பத்து வருஷத்துக்குப் புதிதாகச் சேர்ப்பவர்களில் பாதிப் பேர் கத்தோலிக்கர் என்று விதி போட்டார்கள். போலீஸ் மீதான புகாரை விசாரிக்க போலீஸுக்குச் சம்பந்தமில்லாத தனி அதிகாரி. குண்டு வெடித்துக்கொண்டிருந்த ஊரில் முடிந்தது. நாம் 1977-இல் தேசியப் போலீஸ் கமிஷன் போட்டோம், 1981 வரை எட்டு அறிக்கைகள் வாங்கினோம். அவை தூங்குவதைப் பார்த்துச் சகிக்காமல் ஓய்வுபெற்ற டி.ஜி.பி. பிரகாஷ் சிங் 1996-இல் கோர்ட்டுக்குப் போனார். பத்து வருஷம் கழித்துத் தீர்ப்பு. அதற்கப்புறம் இருபது வருஷமாகத் தீர்ப்பு தூங்குகிறது.

தம்பி போலீஸ் வேலைக்குத் தயாராகிறான். ஊர்த் திருவிழா அடிதடியில் பெயர் சேர்த்துவிட்டார்கள். கோர்ட் விடுதலை செய்துவிட்டது. வேலை கிடைக்குமா?
– ராயக்கோட்டை

விடுதலைத் தீர்ப்பின் கடைசிப் பக்கத்தைப் படித்துப் பாருங்கள். ‘சந்தேகத்தின் பலனை அளித்து’ என்று இருந்தால் சிக்கல். அப்படி விடுதலையானவர்களைத் தகுதியற்றவர்களாகவே பார்க்கிறது தமிழ்நாட்டுப் போலீஸ் பணி விதி. எதுவானாலும் விண்ணப்பத்தில் மறைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அற்பமான வழக்கு என்றால் அதிகாரி யோசித்து முடிவெடுக்கலாம் என்று அவதார் சிங் வழக்கில் 2016-இல் உச்ச நீதிமன்றம் வழி சொல்லியிருக்கிறது. மறைத்தது தெரிந்தால் வேலைக்கே ஆபத்து.

இப்போது என் பங்குக்கு ஒரு கேள்வி. உங்கள் தம்பி உள்ளே போவதற்கு எத்தனை அளவைகள்! உயரம் 170 சென்டிமீட்டர், பட்டியல் சாதி, பழங்குடி இளைஞர் என்றால் 167. மார்பு 81, மூச்சை இழுத்தால் 5 கூட வேண்டும். 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். கயிறு ஏற வேண்டும். எழுத்துத் தேர்வு, தமிழ்த் தகுதித் தேர்வு. அப்புறம் உள்ளூர் ஸ்டேஷனிலிருந்து நன்னடத்தை விசாரணை. இத்தனையிலும், எதிரே கைகட்டி நிற்கிறவனைப் பார்த்தால் இவருக்குக் கை ஓங்கத் தோன்றுமா என்று எங்கேயாவது பார்க்கிறார்களா? சரி, நுழையும்போது பார்த்ததை அப்புறம் முப்பது வருஷத்தில் ஒரு தடவையாவது திரும்பப் பார்க்கிறார்களா?

பெரிய பரீட்சை எழுதினால் சரியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். 2023 மார்ச்சில் அம்பாசமுத்திரத்தில், விசாரணைக்கு வந்தவர்களின் பல்லைப் பிடுங்கியதாக வழக்கில் சிக்கியவர் ஐ.பி.எஸ். எழுதி வந்த ஏ.எஸ்.பி. நாட்டிலேயே கடினமான தேர்வு அது.

லண்டனிலும் இதே கதைதான். 2021 மார்ச்சில் ஓர் இளம்பெண்ணைப் போலி கைது செய்து காரில் ஏற்றிக்கொண்டு போய்க் கொன்றவன் வேலையிலிருந்த போலீஸ்காரன் வேய்ன் கசன்ஸ். இவன் போலீஸில் சேர்ந்திருக்கவே கூடாது என்று 2024-இல் விசாரணை அறிக்கை சொன்னது. முன்பே அவன்மீது புகார்கள் இருந்தன. ஒருவரும் கோத்துப் பார்க்கவில்லை. லண்டன் போலீஸைப் பற்றி லூயிஸ் கேசி அறிக்கை வந்த 2023-இல் அங்கே ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களையும் மறுபடி சோதிக்க ஆரம்பித்தார்கள். நமக்கும் அதுதான் வேண்டும். ஓர் அதிகாரி மீது மூன்று ஊர்களில் மூன்று புகார் இருந்தால், நாலாவது ஊருக்கு அனுப்பும் முன் அந்த மூன்று கோப்பையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க வேண்டும்.

எல்லா ஸ்டேஷனிலும் கேமரா வந்துவிட்டதே, இனி பயமென்ன?
– ஓசூர்

கேமரா சாத்தான்குளத்திலும் இருந்தது. 2020 ஜூன் 19 இரவு ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் ஸ்டேஷனுக்குள் இருந்தபோதும் அது சுவரில்தான் இருந்தது. விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் பாரதிதாசன் உயர் நீதிமன்றத்துக்கு எழுதிய அறிக்கையைப் படித்தவர்களுக்குத் தெரியும்: பதிவு வைக்க ஒரு டி.பி. ஹார்ட் டிஸ்க்கில் இடமிருந்தும், தினமும் தானாக அழிகிற மாதிரி வைத்திருந்தார்கள். அந்த வருஷம் டிசம்பர் 2 அன்றுதான் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம், எல்லா ஸ்டேஷனிலும் கேமரா வேண்டும், 18 மாதப் பதிவு இருக்க வேண்டும், முடியாவிட்டால் ஒரு வருஷத்துக்காவது இருக்க வேண்டும் என்றது.

அடுத்து என்ன ஆயிற்று? 2025 ஜூன் 28. திருப்புவனம் அருகே மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார். காரிலிருந்து நகை காணோம் என்ற புகார், அதற்கு எஃப்.ஐ.ஆர். கூட இல்லை. தனிப்படை அவரைக் கேமரா இருக்கிற ஸ்டேஷனில் வைத்து அடிக்கவில்லை. கோயிலுக்குப் பின்னால் கொண்டுபோனார்கள். இறந்தவர் உடம்பில் 40-க்கு மேல் காயம். ஒருவர் மறைவிலிருந்து செல்போனில் எடுத்த சில விநாடி வீடியோ இல்லையென்றால் அங்கேயும் யாராவது வழுக்கி விழுந்திருப்பார். வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது, போலீஸார் கைதானார்கள், மாவட்டத் தனிப்படைகளைக் கலைக்க டி.ஜி.பி. உத்தரவிட்டார், அஜித்குமார் குடும்பத்திடம் முதலமைச்சர் போனில் மன்னிப்புக் கேட்டார். கேமரா எங்கே இருக்கிறது என்று போலீஸுக்கும் தெரியும். ஆகவே கேமரா மட்டும் போதாது. ஆளை எங்கே, எப்போது, யார் பிடித்தார்கள் என்ற கைதுக் குறிப்பு வேண்டும். அதில் குடும்பத்தாரோ ஊர்க்காரரோ ஒரு சாட்சியின் கையெழுத்து வேண்டும். இதை டி.கே.பாசு வழக்கில் 1996-இலேயே சொல்லியாகிவிட்டது.

போலீஸ் மேலேயே புகார் என்றால் யாரிடம் போவது?
– தேன்கனிக்கோட்டை

அதற்கென்று புகார் ஆணையம் வையுங்கள், மாநிலத்துக்கு ஓய்வுபெற்ற நீதிபதி தலைமை தாங்கட்டும் என்றது பிரகாஷ் சிங் தீர்ப்பு. கேரளம் 2011 சட்டத்தில் அப்படியே வைத்தது. தமிழ்நாடு 2013-இல் ஒரு சட்டம் போட்டது. மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளர் தலைவர், டி.ஜி.பி. உறுப்பினர். மாவட்டத்துக்குக் கலெக்டர் தலைவர், எஸ்.பி. உறுப்பினர். மாமியார் கொடுமை என்று மருமகள் புகார் கொடுத்தால் மாமனார், மாமியார், நாத்தனார் மூவரும் கூடி விசாரிப்பார்கள் என்கிற ஏற்பாடு. இது செல்லுமா என்று உயர் நீதிமன்றத்தில் வழக்கும் போட்டார்கள்.

இப்போதைக்கு உங்களுக்கு மாநில மனித உரிமை ஆணையம் இருக்கிறது, மாஜிஸ்திரேட் இருக்கிறார். எஸ்.பி. ஆபீஸ் மனு நாளும் இருக்கிறது. ஆனால் மலைக் கிராமத்திலிருந்து கிருஷ்ணகிரி போய் மனு கொடுத்துத் திரும்ப ஒரு நாள் கூலி போகும். மாதம் ஒருமுறை எஸ்.பி. அஞ்செட்டிக்கு வந்து, ஸ்டேஷனில் அல்லாமல் தாலுகா ஆபீஸ் வாசலில் மனு வாங்கட்டுமே. அதற்குச் சட்டத் திருத்தம் வேண்டாம், ஜீப்புக்கு டீசல் போதும்.

பக்கத்து மாநிலப் போலீஸ் வந்து ஆளைத் தூக்கிப் போனால்?
– அஞ்செட்டி

தூக்குவது வேறு, கைது வேறு. வேறு மாநிலப் போலீஸ் இங்கே வந்து கைது செய்யலாம். உள்ளூர் ஸ்டேஷனுக்குச் சொல்ல வேண்டும், 24 மணி நேரத்தில் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். 2023 ஜூனில் உங்கள் மாவட்டத்திலேயே மத்தூர் பக்கம் புளியாண்டப்பட்டிக் குறவர் குடும்பத்தினரை ஆந்திரத்துச் சித்தூர் போலீஸ் பிடித்துப் போய்ச் சித்திரவதை செய்ததாகப் புகார் எழுந்தது. பெண்களையும் விடவில்லை என்றார்கள்.

உங்கள் மலைக்கு இது புதிதும் அல்ல. வீரப்பனைத் தேடி இரண்டு மாநில அதிரடிப்படையும் ஏறி இறங்கிய காடு இது. வீரப்பனுக்குச் சோறு போட்டாயா என்று கேட்டுத்தான் அடி. அந்தக் கொடுமைகளை விசாரிக்கத் தேசிய மனித உரிமை ஆணையம் 1999-இல் நீதிபதி சதாசிவா குழுவை அமைத்தது. 2007-இல் 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று முடிவானது. கொடுமை நடந்தது என்று ஒப்புக்கொண்டு பணம் கொடுத்தார்கள். கொடுமை செய்தவர்கள் ஜெயிலுக்குப் போனதாக யாரும் சொல்லவில்லை.

கொடுமை செய்தவர்களுக்குத் தண்டனை கிடைத்தது வாச்சாத்தி வழக்கில்தான். கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆகாமல், எல்லாம் ஒன்றாகத் தர்மபுரி மாவட்டமாக இருந்த காலம். 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை மூன்றும் ஊருக்குள் புகுந்தன. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். ஊரே சூறையாடப்பட்டது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் தீர்ப்பு வருவதற்குள் 54 பேர் செத்துப்போனார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது தர்மபுரி கோர்ட்: வனத்துறை 126, போலீஸ் 84, வருவாய்த்துறை 5. ஒருவர்கூடத் தப்பவில்லை. 2023-இல் அதே செப்டம்பர் 29 அன்று உயர் நீதிமன்ற நீதிபதி வேல்முருகன், அந்த ஊருக்கே நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, தண்டனையை உறுதி செய்தார். பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம். அதில் பாதியைக் குற்றவாளிகளிடமே வசூலிக்கச் சொன்னார். 31 வருஷம் ஆனது.

மலைக் கிராமத்துக் கிழவிகள் காக்கிச் சட்டையைக் கண்டால் கதவைச் சாத்துவது அறியாமையால் அல்ல என்று புதிதாக வரும் ஒவ்வொரு எஸ்.ஐ.க்கும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

எங்களைப் பத்தி நல்லதா ஒரு வரி எழுத மாட்டீங்களா சார்?
– ஓசூர் (சீருடையில் இருப்பவர்)

ஒரு வரி என்ன, ஒரு பத்தியே எழுதுகிறேன் ஏட்டையா. வாரம் ஒரு நாள் லீவு என்று 2021-இல் உத்தரவு போட்டார்கள். மந்திரி வந்தால் அது பந்தோபஸ்துக்குப் போய்விடும் என்று எனக்குத் தெரியும். ஆர்டர்லி முறையை 1979-இலேயே ஒழித்தாயிற்று. 2022 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் மறுபடி ஒழிக்கச் சொன்னது. 43 வருஷமாக ஒழிந்த பிறகும் அதிகாரி வீட்டு நாயை யார் நடக்கக் கூட்டிப் போனார்கள்? 2023 பிப்ரவரி 2 அன்று கோபசந்திரத்தில் எருது விடும் விழாவுக்கு அனுமதி தருவதில் இழுபறி. கோபத்தில் சனங்கள் பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தார்கள். கையெழுத்துப் போடத் தாமதித்தவர் ஆபீஸில் இருந்தார், கல் விழுந்தது சாலையில் நின்ற கான்ஸ்டபிள் மீது.

சாத்தான்குளத்தில் அந்த இரவு நடந்ததை மாஜிஸ்திரேட்டிடம் சொன்னவரும் உங்கள் சகாவான தலைமைக் காவலர் ரேவதிதான். அதே ஸ்டேஷன், அதே சம்பளம். இதைவிட நல்ல வரி என்னிடம் இல்லை.

ஆலை விடுதியில் இருக்கிறோம். எதுவானாலும் ஸ்டேஷனுக்குப் போகத் தயக்கமாக இருக்கிறது.
– ஓசூர் சிப்காட்

2025 நவம்பரில் உங்கள் பக்கத்து விடுதிக் குளியலறையில் ரகசியக் கேமரா கிடைத்தபோது ஆயிரக்கணக்கான பெண்கள் ராத்திரியில் வாசலுக்கு வந்து உட்கார்ந்தீர்களே, அப்போது தயக்கம் எங்கே போயிற்று? சாட்சி விசாரணை என்று சொல்லிப் பெண்களை ஸ்டேஷனுக்கு வரவழைக்கக் கூடாது. இருக்கிற இடத்துக்கு அவர்கள்தான் வர வேண்டும். பாலியல் குற்றப் புகாரைப் பதிவு செய்ய மறுக்கும் அதிகாரிக்குக் குறைந்தது 6 மாதம் ஜெயில் என்று புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ்., பிரிவு 199-இல் சொல்கிறது. பெண்களுக்கான உதவி எண் 181-ஐ விடுதிச் சுவரில் எழுதி வையுங்கள்.

ஒரு போன் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம். 2025 மார்ச்சில் அஞ்செட்டி மலைக் கிராமத்துச் சிறுமி ஒருத்தியைக் கட்டாயக் கல்யாணம் செய்து, அவள் கதறக் கதறத் தூக்கிப் போன வீடியோ ஊரெல்லாம் பரவிய பிறகே கைது நடந்தது. வழியில் பார்த்தவர்களில் ஒருவர் குழந்தைகளுக்கான உதவி எண் 1098-க்கு அடித்திருந்தால் வீடியோவே தேவைப்பட்டிருக்காது.

கடைசியாக, எங்களை மாதிரி ஆட்கள் ஸ்டேஷனுக்குப் போனால் என்ன செய்ய வேண்டும்?
– நாட்றம்பாளையம்

தனியாகப் போகாதீர்கள். புகாரை இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போங்கள். ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். கொடுத்தவரின் பெயர்ப் பட்டையைப் படித்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஒருவரைக் கைது செய்தால் அந்த விவரத்தைச் சொல்வதற்கென்று ஏ.எஸ்.ஐ. பதவிக்குக் குறையாத ஓர் அதிகாரி ஸ்டேஷனில் இருக்க வேண்டும் என்கிறது பி.என்.எஸ்.எஸ். பிரிவு 37, அவர் யார் என்று கேளுங்கள். மரியாதையாகக் கேளுங்கள், ஆனால் கேளுங்கள். ரசீது கைக்கு வராமல் அந்த ஸ்டேஷன் படியிறங்காதீர்கள்.